மாடசாமி குடித்துக் காட்டும் தண்ணீர்

புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே,

பயிற்சி முடிகிற அன்று வாசிக்க என் அனுபவத்தில் ஏதாவது எழுதித் தரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தீர்கள். குளோரின் எவ்வளவு போடுவது, மாதிரியை எப்படி எடுப்பது என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. உங்களில் பாதிப் பேர் கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வந்தவர்கள். உங்களுக்கு நான் அதைச் சொன்னால் கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். புத்தகத்தில் வராத ஒன்றைச் சொல்கிறேன். அதில் பெருமைப்பட எனக்கு ஒன்றும் இல்லை. எழுத உட்கார்ந்து நாலு தடவை எழுந்து போய்விட்டேன்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையில் ஒரு சின்ன ஊர். பேர் வேண்டாம், உங்களுக்கே தெரியும். ஓய்வு பெறுவதற்கு முன் கடைசியாக அங்கேதான் இருந்தேன், குடிநீருக்குப் பொறுப்பான இன்ஜினியராக. ஒரே ஒரு மேல்நிலைத் தொட்டி, அதிலிருந்து மூன்று தெருக்களுக்குத் தண்ணீர். தொட்டியையும் வால்வுகளையும் பார்த்துக்கொண்டவர் ஆபரேட்டர் மாடசாமி. வயதில் என்னைவிடச் சின்னவர், கோபத்தில் எனக்குச் சமம். வாரத்துக்கு ஒரு தடவையாவது இரண்டு பேரும் முட்டிக்கொள்வோம்.

அந்த ஊரில் தண்ணீர் தினமும் வராது, முறை வைத்துத்தான் வரும். வருகிற அன்று குழாயில் தானாக விழுவதைப் பிடிக்கிற பொறுமை யாருக்கும் கிடையாது. வீட்டு இணைப்பில் நேராக ஒரு சின்ன மோட்டாரை மாட்டி உறிஞ்சுவார்கள். சட்டப்படி தப்பு. நாங்கள் ஆய்வுக்குப் போனால் மோட்டாரின் மேல் ஒரு சாக்கைப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பார்கள். நாங்களும் சாக்கைப் பார்த்துவிட்டு, கீரை என்ன விலை என்று கேட்டுவிட்டு வந்துவிடுவோம்.

அது மாமரம் பூத்திருந்த தை மாதம். ஒரு நாள் மாலை மாடசாமி அலுவலகத்துக்கு வந்து இரண்டு நாள் லீவு கேட்டார். மகள் பெரியவளாகியிருந்தாள். நாளை மறுநாள் காலையில் சடங்கு. அதற்கு முந்தின நாள் காலையில் தண்ணீர் விடும் முறை. மாற்று ஆள் இல்லை என்று நான் லீவு கொடுக்கவில்லை. "காலையில தண்ணிய விட்டுட்டுப் போங்க, சடங்குக்கு இன்னும் ஒரு நாள் முழுசா கிடக்கே" என்றேன். ஆள் தேடியிருந்தால் கிடைத்திருக்கும். நான் தேடவில்லை.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. வராந்தாவில் நாலு பேர் இருக்கும்போதே சத்தம் போட்டார்.

"சம்பந்தக்காரவிய வீட்டுக்கு நான் போயி அழைக்கணுமா, வால்வக் கட்டிக்கிட்டு அழணுமா? ஊருக்குத் தண்ணி வுடுறவன் வயித்தெரிச்சலக் கொட்டிக்காதீய மேடம். அந்தத் தண்ணியத்தான் நீங்களும் குடிக்கிய!"

அங்கே இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் கோபம்தான், ஆனாலும் அது ஒரு தகப்பனின் புலம்பல் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. சோறு போடுகிறவளை நோகடித்தால் சோறு செரிக்காது என்று நம் வீடுகளில் சொல்வதில்லையா, அந்த ரகம். இதை நான் அன்றே சரியாகப் புரிந்துகொண்டேன் என்பதை நீங்கள் மறந்துவிடக் கூடாது.

மறுநாள் காலையில் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும்போதே மேலத் தெருவிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். "மேடம், தண்ணியில மருந்து வாடை அடிக்கு. எங்க மாமா குடிச்சிட்டு வாந்தியா எடுக்காவ. பக்கத்து வீட்லயும் அப்படித்தானாம்."

நான் உடனே மாடசாமியைக் கூப்பிட்டு எல்லா வால்வையும் அடைக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்பதற்கு முன்பே அடைத்துவிட்டார். ஆட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டி, பிடித்த தண்ணீரைக் குடிக்காதீர்கள், சமைக்காதீர்கள் என்று மூன்று தெருவிலும் சொல்ல வைத்தேன். வாந்தி எடுத்தவர்களை ராஜபாளையம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினோம். லாரித் தண்ணீருக்குச் சொன்னேன். இது வரைக்கும் நான் செய்ததில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. காரணம் தெரியாவிட்டாலும் முதலில் அடைத்துவிடுங்கள், பிறகு யோசியுங்கள்.

அதற்குள் இளவட்டங்கள் சிலர் தொட்டியின் மேல் ஏறியிருந்தார்கள். தொட்டியின் மூடி திறந்து கிடந்தது. அதைச் செல்போனில் படம் பிடித்து அனுப்ப, வாட்ஸ்அப்பில் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. 'தொட்டியில் விஷம்' என்று கீழே எழுதி வேறு.

அந்த மூடியைப் பற்றிச் சொல்கிறேன். பூட்டு துருப்பிடித்து உடைந்து வெகுநாள் ஆகியிருந்தது. புதுப் பூட்டுப் போடாமல் கம்பியால் முறுக்கிக் கட்டிவைத்திருந்தோம். மலைப் பக்கமிருந்து இறங்குகிற குரங்குகள் அந்தக் கம்பியைப் பிரித்து மூடியைத் தள்ளிவிடும். மாடசாமி மறுபடியும் ஏறிக் கட்டுவார். இது வாடிக்கையாக நடப்பது. மூடி திறந்து கிடந்தால் அதற்கு எங்கள் ஊரில் பெரிய அர்த்தம் எதுவும் கிடையாது. இதுவும் எனக்குத் தெரியும்.

தொட்டிக்குக் கீழே கூட்டம் கூடிவிட்டது. "பூட்டு எங்கம்மா? சம்பளம் வாங்குதியல்லா?" என்று ஒருவர் என் முகத்துக்கு நேராகக் கையை நீட்டிக் கேட்டார். அந்த நேரத்தில்தான் இன்ஸ்பெக்டர் வந்து இறங்கினார். என்னைத் தனியாக அழைத்துப் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மேடம், இது தானா நடந்ததா, யாரும் செஞ்சதா?"

பிள்ளைகளே, இந்தக் கேள்வி உங்களிடமும் ஒரு நாள் கேட்கப்படும். அப்போது சரியான பதில் 'தெரியாது' என்பதுதான். எனக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை. தானாக நடந்தது என்றால் பூட்டு என்னுடையது, குழாய் என்னுடையது, குற்றமும் என்னுடையது. யாரோ வேண்டுமென்றே செய்தது என்றால் நானும் பாவப்பட்ட ஆள்களில் ஒருத்தி. நம் தொழிலில் சதி என்பது பயப்பட வேண்டிய விஷயம் மட்டும் இல்லை, மாட்டிக்கொண்ட நேரத்தில் ஒளிந்துகொள்ள வசதியான இடமும்கூட. யாரும் இதை உங்களுக்குச் சொல்லித் தர மாட்டார்கள்.

"உங்க ஆளுங்கள்ல யாருக்காவது மனக்கசப்பு உண்டா?" என்று அவர் அடுத்துக் கேட்டார்.

"ஆபரேட்டருக்கு நேத்து லீவு கொடுக்கலை. கோவத்துல ஒரு வார்த்தை சொன்னார்" என்றேன். அந்த வார்த்தையையும் சொன்னேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை, அவர் சொன்னபடியே சொன்னேன். ஆனால் அது வெறும் புலம்பல் என்று சொல்லவில்லை. குரங்கைப் பற்றிச் சொல்லவில்லை. பொய் என்று பிடிக்க அதில் எதுவும் இல்லை. அதை நினைத்தால்தான் எனக்கு அதிகமாகக் கூசுகிறது.

மாடசாமியை வால்வுக் குழியிலிருந்து அப்படியே ஏற்றினார்கள். கைலி நனைந்திருந்தது, கையில் ஸ்பேனர். ஜீப்பில் ஏறும்போது என்னைப் பார்த்து, "மேடம், என்ன மேடம்?" என்று கேட்டார். நான் போன் வந்தது போல செல்லைக் காதில் வைத்துக்கொண்டேன். கூட்டம் ஜீப்பின் பின்னால் போனது. என் முன்னால் கை நீட்டியவர்கூட என்னை விட்டுவிட்டார். அப்பாடா என்று இருந்தது. உண்மையாகவே அப்படித்தான் இருந்தது.

மத்தியானம் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். நல்லவேளையாக எல்லோரும் தேறிக்கொண்டிருந்தார்கள். பூச்சிமருந்து போலத் தெரிகிறது என்று டாக்டர் சொன்னார். வார்டில் படுத்திருந்தவர்களைப் பார்த்துக்கொண்டே, "எல்லாரும் ஒரே தெருவா?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

ஒரே தெருதான். எல்லோரும் மேலத் தெரு. தொட்டி மூன்று தெருவுக்கும் பொது. தொட்டியில் விஷம் என்றால் மற்ற இரண்டு தெருக்காரர்களும் இங்கே படுத்திருக்க வேண்டும். அவர்கள் வீட்டில் சௌக்கியமாக உட்கார்ந்து வாட்ஸ்அப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கு என்ன ஆயிற்று என்று காலையிலிருந்து ஓடி ஓடிக் கேட்ட நான், யாருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கேட்கவே இல்லை. ஜீப் கிளம்புவதற்கு முன் அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் போதும்.

நேராக மேலத் தெருவுக்குப் போய் வீடு வீடாக ஏறி இறங்கினேன். தெருக் கோடியில் மாந்தோப்புக் குத்தகை எடுத்தவர் ஒருவரின் வீடு. முற்றத்தில் ஒரு நீல நிற டிரம், அதற்குள் குழாயிலிருந்து ஒரு ஹோஸ். கிட்டப் போனதுமே மருந்து வாடை மூக்கில் ஏறியது. குத்தகைக்காரரின் மனைவி வெளியே வந்தார்.

"மாம்பூவுக்கு அடிக்க மருந்து கலந்து வச்சிருந்தாவ மேடம். காலையில தண்ணி வரவும் டிரம்ம நெப்ப ஹோஸப் போட்டுட்டு அடுப்படிக்குப் போனேன். செத்த நேரங்கழிச்சு வந்து பாத்தா, நெறையறதுக்குப் பதிலா கொறைஞ்சு கிடக்கு. டிரம்மு ஓட்டை போலன்னு அவியளத்தான் வஞ்சேன்."

சொல்லிக்கொண்டே வந்தவருக்குப் பாதியில் புரிந்துவிட்டது. ஓடிப் போய் ஹோஸை டிரம்மிலிருந்து இழுத்து வெளியே போட்டார்.

டிரம் ஓட்டை இல்லை. ஹோஸின் நுனி மருந்துத் தண்ணீருக்குள் முங்கிக் கிடந்திருக்கிறது. அன்று தண்ணீர் வேகம் குறைவு. தெருவில் எல்லா வீட்டு மோட்டாரும் ஒன்றாக ஓடியதும் குழாயில் இழுக்கத் தண்ணீர் போதவில்லை. அந்த மோட்டார்கள் ஹோஸ் வழியாக டிரம்மில் இருந்ததை இழுத்துவிட்டன. இளநீரில் உறிஞ்சுகுழல் போட்ட மாதிரிதான். சாக்குப் போட்டு மூடிய மோட்டார்கள் சேர்ந்து செய்த வேலை அது.

உடனே அந்த இணைப்பைத் துண்டித்தேன். தெருவின் குழாயைத் தனியாகப் பிரித்து, கழுவி, கழுவிய தண்ணீரைத் தனியே இறக்கி அப்புறப்படுத்த ஏற்பாடு செய்து, தொட்டியிலிருந்தும் குழாயிலிருந்தும் எடுத்த மாதிரிகளைச் சோதனைக்கு அனுப்பினேன். பொழுது சாய்வதற்குள் தண்ணீரால் இனி யாருக்கும் ஆபத்து இல்லை என்ற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஸ்டேஷனுக்குள்ளே இருந்த ஆளுக்கு மட்டும் ஒன்றும் செய்திருக்கவில்லை.

பேரூராட்சிச் செயல் அலுவலரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. காலையிலிருந்து மேலிடத்துக்குப் பதில் சொல்லிச் சொல்லிக் களைத்துப் போயிருந்தார்.

"ரிப்போர்ட் வரட்டும் மேடம். நாளைக்கு மத்தியானம் வந்துரும். அதுக்கு முன்னாடி மோட்டார்தான் காரணம்னு வாயைத் திறந்தோம்னா, இத்தனை நாள் நீங்க என்ன புடுங்குனியன்னு ஊரே நம்ம மேல பாயும். யாரு வீட்டுல மோட்டார் இல்ல? உங்க வீட்டுல இல்லையா?"

இருந்தது. நான் குடியிருந்த வாடகை வீட்டில் மாடிப்படிக்குக் கீழே, சாக்குப் போட்டு.

"மாடசாமி உள்ள இருக்காரு சார். நாளைக்குக் காலையில அவரு மகளுக்குச் சடங்கு" என்றேன்.

"ஒரு ராத்திரிதான மேடம். விசாரிச்சிட்டு விட்டுருவாவ."

ஸ்டேஷன் என் வீட்டுக்குப் போகிற வழியில்தான் இருந்தது. உள்ளே போய், தொட்டியில் எதுவும் இல்லை, மற்ற இரண்டு தெருவும் நன்றாக இருக்கிறது, நான் அவசரப்பட்டுப் பேசிவிட்டேன் என்று சொல்ல எந்த ரிப்போர்ட்டும் தேவை இல்லை. ஸ்கூட்டியை நிறுத்தக்கூட இல்லை. ஒரு ராத்திரிதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டேன். தூங்கியும் இருக்கிறேன்.

மறுநாள் மத்தியானம் ரிப்போர்ட் வந்தது. தொட்டித் தண்ணீர் சுத்தம், மேலத் தெருக் குழாயில் மருந்து. அதை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். மாடசாமி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, நீங்க போகலாம் என்றார். மாடசாமி எழுந்தார்.

"சடங்கு முடிஞ்சிருக்கும்லா?" என்றார்.

அவரை அலுவலக ஜீப்பில் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். வாசலில் பந்தல் அப்படியே இருந்தது, ஆட்கள் இல்லை. சோறும் சாம்பாரும் பாத்திரம் பாத்திரமாக மூடியபடி இருந்தன. வந்த சொந்தக்காரர்கள் விஷயத்தைக் கேள்விப்பட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றிய கையோடு கிளம்பிவிட்டார்கள். ஊருக்கு விஷம் வைத்தவன் வீட்டில் எப்படிக் கை நனைப்பது என்று சம்பந்தக்காரர்கள் பந்தலுக்குள்ளே நின்றே சொன்னார்களாம். அந்தப் பெண் பட்டுச்சேலையோடு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான்தான் அவரை மீட்டுக்கொண்டு வந்தேன் என்று நினைத்துவிட்டார். "நீங்களாச்சும் கை நனைச்சிட்டுப் போங்க மேடம்" என்றார். மறுக்க எனக்கு என்ன யோக்கியதை இருந்தது? உட்கார்ந்து சாப்பிட்டேன். இலை நிறையப் பரிமாறினார். மாடசாமி பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அடுத்த முறை தண்ணீர் விடுவதற்கு முன் காரணம் என்ன என்பதைத் தெருவில் ஒலிபெருக்கியில் சொன்னோம். மோட்டார்களைப் பறிமுதல் செய்தோம். என் வீட்டு மோட்டாரை யாரும் பார்க்கும் முன்பே கழற்றிவிட்டேன். குத்தகைக்காரரும் தெருவில் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். எல்லாம் தெளிவாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் மாடசாமி மேலத் தெரு வால்வைத் திறந்ததும், ஒரு பெரியவர் தெருக்குழாயில் ஒரு எவர்சில்வர் டம்ளரைப் பிடித்து அவரிடம் நீட்டினார்.

"ஏலே, மொதல்ல நீ குடி. பொறவு நாங்க குடிக்கோம்."

மாடசாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய இடம் அது. அவர் மேல் சந்தேகத்தைக் கிளப்பியது நான், அவர் எதற்குக் குடிக்க வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது வேறு.

"குடிச்சுக் காட்டிருங்க மாடசாமி. அவங்களுக்கும் மனசு ஆறட்டும்."

அவர் குடித்தார். அதிலிருந்து ஒவ்வொரு முறையும் குடிக்கிறார். ஆய்வுக்கு வந்த பெரிய அதிகாரி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, மக்களின் நம்பிக்கையைப் பெற அருமையான வழி என்று பாராட்டினார். படம் எடுத்தார்கள். பக்கத்து ஊர்களிலும் ஆரம்பித்தார்கள். உங்கள் பயிற்சியின் முதல் நாளில், ஆபரேட்டர் ஒருவர் டம்ளரில் தண்ணீர் குடிக்கும் படத்தைக் காட்டியிருப்பார்கள். அது மாடசாமி. அந்த யோசனைக்காக எனக்கு ஒரு மேடையில் சால்வை போர்த்தினார்கள். நானும் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

இதை எழுதுவதற்கு முன் போன வாரம் அவரைப் பார்க்கப் போனேன். அதே வால்வுக் குழிக்குப் பக்கத்தில் நின்று, "அன்னைக்கு இன்ஸ்பெக்டர்கிட்ட அந்த வார்த்தையைச் சொன்னது நான்தான் மாடசாமி" என்றேன். அவர் வால்வை இறுக்கி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"அத எங்கிட்ட எதுக்குச் சொல்லுதிய? ஸ்டேஷன்ல அடிக்கும்போதே உங்க பேரச் சொல்லித்தான அடிச்சாவ. மகளுக்கு இப்ப மாப்பிள்ள பாக்கோம். வாரவன்லாம் தெருவுல விசாரிக்கான். தப்பே செய்யலன்னா இம்புட்டு வருசமா எதுக்குக் குடிச்சுக் காட்டுதான்னு கேக்கான். நான் என்ன சொல்ல? எனக்குச் சொல்லாதீய மேடம். தெருவுல போயிச் சொல்லுங்க."

அங்கிருந்து மேலத் தெரு முனை வரைக்கும் நடந்தேன். பெண்கள் குடங்களை வரிசையாக வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். என்னை அடையாளம் கண்டு, வாங்க மேடம், எப்படி இருக்கிய என்று சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

அந்தப் படத்தை இனிமேல் யாருக்கும் காட்டாதீர்கள். அடுத்த முறை மேலத் தெருவுக்குத் தண்ணீர் விடுகிற காலையில் நான் அங்கே வருவேன். தெருக்காரர்கள் டம்ளரை நீட்டும்போது நான் பேச வேண்டும். உங்களையும் கூப்பிடுகிறேன், ஏனென்றால் என்னை எனக்குத் தெரியும். எனக்கு நா எழாமல் நான் மறுபடியும் சிரித்துவிட்டுத் திரும்பிப் போகப் போனால், எனக்காகக் காத்திருக்காதீர்கள். உங்களில் யாராவது ஒருவர் இந்தத் தாளைத் தெரு நடுவில் நின்று சத்தமாக வாசித்துவிடுங்கள்.